அலமாரியில் உறங்கும் டி.வி.டி. பிளேயரும் படுக்கையருகே ஒரு பாட்டும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் செவிலியர்கள் எழுதித் தருகின்றனர். மாத்திரைகள், கட்டுத்துணி, சர்க்கரை அளக்கும் கருவி, அடுத்த வருகைக்கான சீட்டு. அப்பட்டியலில் இடம்பெறாத ஒன்றும் நோயாளியுடன் வீட்டுக்குச் செல்கிறது. அது நீண்ட பகற்பொழுது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வாழவந்தி நாட்டை அடையும் ஒருவர், அடுத்த பல வாரங்களைப் பெரும்பாலும் ஒரே அறையில், ஒரே கட்டிலில் கழிக்கிறார். வீட்டிலுள்ளோர் மிளகுக் கொடிக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் காப்பித் தோட்டத்துக்கும் சென்றே ஆக வேண்டும். முதியவர் ஒருவரோ, பள்ளி விடுமுறையிலுள்ள பேரக்குழந்தையோ துணைக்கு இருப்பார். மழைக்காலமாயின் சன்னலுக்கு வெளியே மூடுபனி. உள்ளே ஓசையற்ற அறை. வலியும் கவலையும் பெரிதாகத் தோன்றுவது பெரும்பாலும் இத்தகைய பொழுதுகளில்தான்.

இதே வீடுகள் பலவற்றின் அலமாரியில் ஒரு பழைய டி.வி.டி. பிளேயர் தூசியுடன் உறங்கிக்கொண்டிருக்கும். தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006இல் தொடங்கியதும், தொலைக்காட்சி எட்டிப் பார்த்திராத சிற்றூர்களுக்கும் அது வந்தது. அதன் பின்னாலேயே டி.வி.டி. பிளேயரும் படத்தகடுகளும் வந்து சேர்ந்தன. பின்னர் கைப்பேசி வந்தது; பிளேயர் மேல்தட்டுக்குப் போயிற்று. அதனைக் கீழே இறக்கி, ஓர் ஆம்ப்ளிஃபையருடன் இணைத்து, இசைக் குறுந்தகடுகளை நோயாளியின் அறையில் ஒலிக்கச் செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். புதிதாக எதுவும் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. இணைப்புக் கம்பி ஒன்றுக்கு மட்டும் சிறு தொகை செலவாகலாம்.

இசையால் நோய் தீரும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வோரிடம் சற்று எச்சரிக்கையாகவே இருங்கள். எனினும் இசை செய்யக்கூடியது எது, செய்ய இயலாதது எது என்பது பற்றி மருத்துவ உலகம் ஓரளவு அளந்து பார்த்திருக்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் இசை கேட்பது குறித்த 73 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. ஏறத்தாழ 7000 நோயாளிகள் அவ்வாய்வுகளில் பங்கேற்றிருந்தனர். இசை கேட்டவர்களுக்கு வலி குறைவாக இருந்தது, பதற்றமும் குறைந்தது, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. ஆயினும் மருத்துவமனையில் தங்கும் நாள்களின் எண்ணிக்கை குறையவில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

பக்கவாதம் கண்டோரின் குடும்பத்தினர்க்கு மற்றோர் ஆய்வு பயன்படும். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில், பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட 60 பேரை ஆய்வாளர்கள் மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் தமக்குப் பிடித்த இசையை நாள்தோறும் இரண்டு மாதம் கேட்டனர். மற்றொரு குழுவினர் ஒலிநூல்களைக் கேட்டனர். மூன்றாம் குழுவினர்க்கு இரண்டும் இல்லை. மூவகையினருக்கும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. சொற்களை நினைவில் வைக்கும் திறனும் கவனத்தை ஒருமுகப்படுத்தும் திறனும் இசை கேட்டோரிடம் கூடுதலாக மீண்டன. மனச்சோர்வும் அவர்களிடம் குறைவாக இருந்தது. 2008இல் ‘பிரெயின்’ இதழில் வெளியான முடிவு இது. சிறிய ஆய்வுதான். ஆனால் இதற்கான செலவும் சிறியது; முறையாகச் செய்தால் தீங்கும் இல்லை. நம் நாட்டிலும் வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் இராகங்களுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதற்கென்றே சென்னையில் ஓர் ஆய்வு மையத்தை நிறுவி நடத்திவந்தார். இன்ன நோய்க்கு இன்ன இராகம் என்று மருந்துச் சீட்டுப் போல எழுதித் தரும் அளவுக்குச் சான்றுகள் இன்னும் திரளவில்லை. நோயாளி விரும்பும் பாட்டே முதல் தேர்வாக இருக்கட்டும்.

“கைப்பேசியிலேயே பாட்டுக் கேட்கலாமே?” என்று இளையோர் கேட்பர். கேட்கலாம். ஆனால் மலையில் எல்லா வீட்டிலும் இணையத் தொடர்பு ஒரே சீராகக் கிடைப்பதில்லை. பாட்டின் நடுவே விளம்பரம் உரத்த குரலில் குறுக்கிடும். அழைப்பு வந்தால் பாட்டு அறுபடும். கைப்பேசிக்கு உரியவர் தோட்டத்துக்குச் சென்றால் பாட்டும் அவருடனேயே சென்றுவிடும். கை நடுங்கும் முதியவர்க்குத் தொடுதிரை பெரும் சோதனை. டி.வி.டி. பிளேயரிலோ அழுத்தினால் ‘டக்’ என்று உணரக்கூடிய பொத்தான் இருக்கிறது. தட்டு வெளியே வரும். தகட்டை வைத்து உள்ளே தள்ளினால் பாடும். எழுபது வயதுப் பாட்டியும் ஒரே நாளில் பழகிக்கொள்வார். தொலைக்காட்சியைப் பொறுத்தமட்டில், அதன் ஓயாத ஒளியசைவு ஓய்வு தேவைப்படும் கண்ணுக்கும் மூளைக்கும் சுமையே. தலையில் அடிபட்டு மீள்வோர்க்கு இதனை வலியுறுத்திச் சொல்கிறோம்.

படத்தகட்டுக் கருவி பாட்டுத்தகட்டைப் பாடுமா?

பாடும். இரண்டும் ஒரே அளவினவை; 12 சென்டிமீட்டர் விட்டம். இசைக் குறுந்தகடு 1982இல் விற்பனைக்கு வந்தது. அதில் ஒலியானது நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 இருமக்குறிகளாகப் பதியப்பட்டுள்ளது. 1996இல் ஜப்பானில் அறிமுகமான டி.வி.டி. அதே அளவுடைய தகட்டில் மிக நுண்ணிய குழிகளைக் கொண்டது. அவற்றைப் படிக்க 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளி தேவை. குறுந்தகட்டுக்கோ 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. டி.வி.டி. பிளேயரைச் செய்தோர் இரண்டையும் படிக்கும் ஏற்பாட்டை அதற்குள்ளேயே அமைத்தனர். எனவே இசைத்தகட்டைப் போட்டதும் கருவி தானே அதனை அடையாளம் கண்டுகொள்ளும். சில நொடிகள் தாமதமாகும், பொறுத்திருங்கள்.

இதற்கெனவே செய்யப்பட்ட சி.டி. பிளேயரைவிட ஒலித்தரம் குறையுமா என்று இசை ஆர்வலர்கள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். நோயாளியின் அறையில், மிதமான ஒலியில், அந்த வேறுபாடு காதுக்கு எட்டுவது அரிது. ஒலியின் தரத்தை உண்மையில் தீர்மானிப்பது ஒலிபெருக்கிப் பெட்டியும் அதனை வைக்கும் இடமும்தான். பெட்டியைச் சுவரின் மூலையில் திணித்தால் அடிஒலி மட்டும் கும்மென்று எழுந்து குரல் மங்கும். மூலையிலிருந்து சற்று நகர்த்தி, நோயாளியின் காது மட்டத்தில், கட்டிலிலிருந்து ஆறேழு அடி தொலைவில் வைத்தால் அதே பெட்டி தெளிவாகப் பாடும்.

கருவியின் முதுகுப்புறம்

பிளேயரின் பின்புறம் பல வண்ணத் துளைகள் உள்ளன. மஞ்சள் நிறத் துளை படத்துக்கு உரியது. அது இப்போது வேண்டாம். வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு உரியவை: வெள்ளை இடப்பக்கம், சிவப்பு வலப்பக்கம். இங்கே பலர் ஒரு குழப்பத்துக்கு ஆளாகின்றனர். சில கருவிகளில் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று துளைகள் ஓரிடத்தில் வரிசையாக இருக்கும். அந்தச் சிவப்பு படத்துக்கு உரியது. வெள்ளைக்குப் பக்கத்தில் அமைந்த சிவப்பே நமக்கு வேண்டியது. தனியாக ஆரஞ்சு நிறத்திலோ கறுப்பு நிறத்திலோ ‘கோயாக்சியல்’ என்று பொறித்த துளை இருந்தால் அதனைத் தொடாதீர்கள். அதிலிருந்து வருவது எண்வடிவக் குறிப்பு. சாதாரண ஆம்ப்ளிஃபையரில் அதனைச் செருகினால் பாட்டு வராது, இரைச்சல்தான் வரும். ஆறு ஒலித்துளைகள் உள்ள 5.1 வகைக் கருவியாயின், ‘ஃப்ரன்ட்’ என்று குறித்த இடம், வலம் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பியின் மறுமுனை ஆம்ப்ளிஃபையருக்குச் செல்ல வேண்டும். அங்கே ‘ஆக்ஸ்’, ‘லைன் இன்’, ‘சி.டி.’, ‘டேப்’ ஆகியவற்றுள் எந்தப் பெயர் பொறித்த துளையிலும் செருகலாம். ‘ஃபோனோ’ என்ற துளையிலோ ‘மைக்’ என்ற துளையிலோ செருகக் கூடாது. காரணம் எளிது. டி.வி.டி. பிளேயர் ஏறத்தாழ 2 வோல்ட் வரை ஒலிக்குறிப்பை அனுப்புகிறது. பழைய இசைத்தட்டின் ஊசியோ ஒலிவாங்கியோ அனுப்புவது அதில் மிகச் சிறு பங்கு. சில மில்லிவோல்ட் மட்டுமே. அந்த மெல்லிய குறிப்பை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்குவதற்கென அமைந்தவை அத்துளைகள். அவற்றில் பிளேயரை இணைத்தால் பாட்டு சிதைந்து அலறும். பக்கத்தில் படுத்திருப்பவர் இதய நோயாளி என்றால் அந்த ஓர் அலறலே போதும், மருத்துவமனைக்குத் திரும்ப ஓட.

பல வீடுகளில் தனி ஆம்ப்ளிஃபையர் இராது. கணினிக்கென்றோ தொலைக்காட்சிக்கென்றோ வாங்கிய 2.1 வகை ஒலிபெருக்கித் தொகுதி இருக்கும். ஆம்ப்ளிஃபையர் அதற்குள்ளேயே அடங்கியுள்ளது. அதன் நுழைதுளை சிறிய 3.5 மில்லிமீட்டர் வகையாக இருந்தால், ஒருமுனையில் சிவப்பு வெள்ளைச் செருகிகளும் மறுமுனையில் காதணிக் கருவிக்கு உள்ளது போன்ற சிறு செருகியும் உடைய கம்பி ஒன்று போதும். மின்பொருள் கடைகளில் இது கிடைக்கும்.

ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் வைப்போரிடமிருந்து ஆம்ப்ளிஃபையரை இரவல் வாங்கும் வழக்கமும் உண்டு. வேண்டாம் என்பதே எம் கருத்து. அவை வெட்டவெளிக்கும் கூம்புக்குழாய்க்கும் உரியவை. பத்தடி அறைக்குப் பொருந்தா. அவற்றின் ‘ஆக்ஸ்’ துளை பெரும்பாலும் ஒன்றே. இரு பக்க ஒலியில் ஒரு பக்கத்தைத்தான் அதில் செருக முடியும். மறுபக்கத்தில் பதிவான வாத்தியங்கள் கேளாமலே போய்விடும். வேறு வழியில்லை என்றால் குரல் முதன்மையாக உள்ள பாடல்களுக்கு அது ஓரளவு போதுமானது. ஆனால் குழாயை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 8 ஓம் சாதாரணப் பெட்டியை இணைப்பதாயின், அந்த ஆம்ப்ளிஃபையரில் அதற்கென்றுள்ள முனை எது என்பதை மைக் செட்காரரே காட்டித் தரட்டும்.

முதல் நாளில் மட்டும் ஒரு தொலைக்காட்சியுடன் பிளேயரை இணைத்துப் பார்ப்பது நல்லது. அண்டை வீட்டுத் தொலைக்காட்சியானாலும் சரி. அமைப்புப் பட்டியலைத் திறந்து, ஒலி வெளியீட்டை இரு பக்க ஒலியாக, அதாவது ‘ஸ்டீரியோ’வாக மாற்றிவிடுங்கள். முப்பரிமாண ஒலி, எதிரொலி முதலிய ஒப்பனைகள் இயங்கினால் அணைத்துவிடுங்கள். அவை பாடகரின் குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆக்கிவிடும். இம்மாற்றங்கள் கருவியின் நினைவில் தங்கிவிடும். அதன்பின் தொலைக்காட்சி தேவையில்லை.

திரை இல்லாத நிலையில் அசல் இசைத்தகடு கையாள எளியது. ஐந்தாம் பாட்டு வேண்டுமானால் தொலைஇயக்கியில் 5ஐ அழுத்தினால் போதும். ஒரு வெள்ளைத்தாளில் பாட்டின் முதற்சொல்லையும் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு எதிரே ஒட்டிவையுங்கள். பேச்சு இழந்த நோயாளியும் விரலால் காட்டித் தம் பாட்டைக் கேட்க இயலும். சில நாள்களாகத் தமக்கு வேண்டியதை யாரிடமும் சொல்ல முடியாதிருந்த ஒருவர்க்கு இது சிறிய சுதந்திரம் அன்று.

எம்பி3 வகைத் தகட்டில் பாடல்கள் மிகுதி. 700 மெகாபைட் கொள்ளளவில், 128 கிலோபிட் தரத்தில், ஏறத்தாழ 12 மணி நேரப் பாடல்கள் அடங்கும். பல டி.வி.டி. பிளேயர்கள் இதனைப் பாடும், ஆரம்பகாலச் சி.டி. பிளேயர்கள் பாடா. ஆனால் அடுக்குகளாகப் பிரித்த நூறு பாடல்களுக்குள் வேண்டியதைத் திரையின்றித் தேடுவது கடினம். எனவே ஒரு தகட்டில் ஒரே அடுக்காக, இருபது முப்பது பாடல்களை மட்டும் பதிந்துகொள்வது நலம்.

கருவிகளை இயக்கும் வரிசையைத் துணையிருப்போர் அனைவரும் பழகிக்கொள்ள வேண்டும். முதலில் ஒலித்திருகியைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிளேயரை இயக்குங்கள், பிறகு ஆம்ப்ளிஃபையரை. பாட்டு தொடங்கியதும் ஒலியை மெல்ல உயர்த்துங்கள். நிறுத்தும்போது வரிசை தலைகீழாகும்: ஆம்ப்ளிஃபையர் முதலில் அணைய வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் ஒலிபெருக்கியில் ‘தொம்’ என்று ஓர் இடி எழும். உறங்குபவர் திடுக்கிடுவார், நாளடைவில் பெட்டியும் கெடும்.

ஓயாத உறுமல்

இணைத்து முடித்ததும் பலரைச் சலிப்படையச் செய்வது ‘ம்ம்ம்’ என்ற தாழ்ந்த உறுமல். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அந்த அலைவே ஒலிக்கம்பிக்குள் புகுந்து இவ்வாறு கேட்கிறது. முதலில் செருகிகளை இறுக்கிப் பாருங்கள். பாதி செருகிய நிலையில் உறுமல் நிச்சயம். ஒலிக்கம்பியும் மின்கம்பியும் பின்னிப் பிணைந்து கிடந்தால் பிரித்து வையுங்கள். குறுக்கிட நேர்ந்தால் சிலுவைபோல் குறுக்காகச் செல்லட்டும், நெடுக ஒட்டிச் செல்ல வேண்டாம். பிளேயரையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் பெறச் செய்யுங்கள். இரண்டும் வெவ்வேறு இடத்து நிலஇணைப்பைப் பெறும்போது இடையே ஒரு வளையம் உண்டாகி உறுமல் எழுவதுண்டு.

இங்கே ஓர் ஆபத்தான குறுக்குவழி உலவுகிறது. மூன்று ஊசிச் செருகியின் பெரிய ஊசியை உடைத்துவிட்டால் உறுமல் நிற்கும் என்பார்கள். நிற்கவும் கூடும். ஆனால் அந்த ஊசிதான் கருவியின் உலோகக் கூட்டில் மின்சாரம் கசிந்தால் அதனை மண்ணுக்கு அனுப்பி உயிரைக் காப்பது. ஈரத்தரையும் மூடுபனியும் உள்ள மலை வீட்டில், வலுக்குன்றிய நோயாளியின் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் கருவியில் இதனை ஒருபோதும் செய்யாதீர்கள். வீட்டில் நிலஇணைப்பே இல்லையென்றால் அது பாட்டையும் கடந்த பிரச்சினை. மின்பணியாளரை அழைத்துச் சரிசெய்த பின்னரே எந்த மருத்துவக் கருவியையும் வீட்டில் இயக்க வேண்டும்.

மலைக்கே உரிய சில இடர்களும் உண்டு. பனிக்காலக் காலையில் சில்லிட்ட கருவியை அடுப்பு எரியும் வெப்பமான அறைக்குக் கொண்டுவந்தால், மூக்குக் கண்ணாடியில் படிவது போலவே அதனுள் இருக்கும் ஆடியிலும் நீராவி படியும். தகட்டைப் படிக்க இயலவில்லை என்று கருவி அடம்பிடிக்கும். கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம். மின்சாரம் கொடுக்காமல் ஓரிரு மணி நேரம் அப்படியே விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். விறகுப்புகையும் சாம்பிராணிப்புகையும் ஆடியின் நாள்பட்ட எதிரிகள். இடி முழங்கத் தொடங்கினால் பொத்தானை அணைப்பது போதாது, செருகியையே பிடுங்கிவிடுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில், கட்டிலருகே வேறு மருத்துவக் கருவிகளும் இருக்குமாயின், மின்நிலைப்படுத்தி ஒன்று இருப்பது எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு.

தகட்டை விளிம்பில் பிடியுங்கள். தூசி இருந்தால் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் பதிவுப் பாதையின் ஊடே நெடுகச் சென்று பாட்டை இடறச் செய்யும். நேர்க்கீறலைக் கருவி தானே ஈடுசெய்துகொள்ளும். முந்தானையால் துடைப்பதைப் பாட்டிமார் தவிர்க்க வேண்டும் என்பது எம் பணிவான வேண்டுகோள்.

கட்டிலருகே கவனிக்க வேண்டியவை

மற்றவற்றை மறந்தாலும் இப்பகுதியை மறவாதீர்கள். வீட்டில் ஆக்சிஜன் பெறும் நோயாளியின் அருகே பொருள்கள் எளிதில் பற்றிக்கொள்ளும். தளர்ந்த செருகியிலிருந்து தெறிக்கும் சிறு பொறியும் ஆபத்தே. எனவே பிளேயரையும் ஆம்ப்ளிஃபையரையும் ஆக்சிஜன் குழாய்க்கு அருகில் வைக்காமல், அறையின் மறுபுறத்தில் வையுங்கள். ஆக்சிஜன் செறிவூட்டிக் கருவி செருகியுள்ள பலகையில் இவற்றைச் செருகாதீர்கள். பாட்டின் பொருட்டு மூச்சுக்கான மின்சாரம் தடைபடக் கூடாது.

இதயத் துடிப்பு முடுக்கி பொருத்தப்பட்டோர் கவனத்துக்கு: ஒவ்வோர் ஒலிபெருக்கிப் பெட்டியினுள்ளும் காந்தம் உள்ளது. அது மார்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் விலகியிருக்க வேண்டும். அறையின் எதிர்ப்புறத்தில் இருக்கும் பெட்டியால் தீங்கில்லை. சிறிய பெட்டியைத் தலையணை ஓரத்திலோ நெஞ்சின் மேலோ வைத்துக்கொண்டு கேட்கும் வழக்கம்தான் கூடாது. ஐயமிருந்தால் அடுத்த வருகையின்போது இதயப் பிரிவில் கேளுங்கள்.

ஒலியின் அளவுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. பாட்டு ஒலிக்கும்போது கட்டிலில் இருப்பவர் மெல்லிய குரலில் அழைத்தால் அடுத்த அறையில் உள்ளவர்க்குக் கேட்க வேண்டும். கேளாவிடில் ஒலி மிகுதி. இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு எனத் தொழில் நலத் துறையினர் கருதுகின்றனர். ஆனால் செவிக்கேட்டுக்கு முன்பே வேறோர் ஆபத்து இருக்கிறது. நோயாளியின் அழைப்பும், இருமலும், கருவிகளின் எச்சரிக்கை மணியும் பாட்டில் மூழ்கிவிடக் கூடாது. காது மந்தமான முதியவர்க்காக ஒலியை ஏற்றுவதைவிடப் பெட்டியை அவர்க்குச் சற்று அருகே கொண்டுவருவது மேல்.

கம்பிகள் நடைபாதையைக் கடக்கக் கூடாது. இடுப்பு எலும்பு அறுவைக்குப் பின் நடைச்சட்டம் பிடித்து நடப்பவரும், காலை இழுத்து நடக்கும் பக்கவாத நோயாளியும் தடுக்கி விழ ஒரு மெல்லிய கம்பியே போதும். சுவரோரமாகக் கொண்டுசென்று ஒட்டிவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரின் மேல் துணி விரிப்பதும் கஞ்சிக் குவளை வைப்பதும் பரவலாகக் காணப்படும் பழக்கங்கள். அதன் மேற்புறத் துளைகள் வெப்பம் வெளியேறுவதற்காக உள்ளவை.

எதைக் கேட்பது என்பதை நோயாளியே தீர்மானிக்கட்டும். அவரால் சொல்ல இயலாவிட்டால் அவரது இளமைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். மறதி நோய் கண்டோரிடம் பதினெட்டு, இருபது வயதில் கேட்ட பாட்டுகள் பிற நினைவுகள் கலைந்த பின்னும் நெடுங்காலம் தங்கியிருப்பதைக் காண்கிறோம். திரைப்பாடலாயினும் பக்திப்பாடலாயினும் நாதசுரமாயினும் சரி. சொற்களே வேண்டாம் என்போர்க்கு, புல்லாங்குழல் முதன்மை பெறும் இளையராஜாவின் 1988ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான ‘நத்திங் பட் விண்ட்’ போன்றவை பொருந்தும். அவரே 2005இல் வெளியிட்ட திருவாசக இசைத்தகடு பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் பெரும் இசைக்குழு ஒலிக்கும் அதில் மெல்லிய இடமும் ஓங்கும் இடமும் மாறி மாறி வருவதால், உறங்கப் போகும் நேரத்தைவிடப் பகலுக்கே அது ஏற்றது. மலை மக்களின் கல்யாணப் பாட்டும் விழாப் பாட்டும் எந்தக் கடைத்தகட்டிலும் எளிதில் கிடைப்பதில்லை. ஊரில் பாடத் தெரிந்தவரைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்து, கணினி மையத்தில் தகட்டில் ஏற்றித் தரச் சொல்லலாம். தொலைவில் வேலை செய்யும் மகனின் குரலையும் பேரக்குழந்தையின் பேச்சையும் அதே தகட்டின் முடிவில் சேர்க்கலாம்.

நாள் முழுவதும் ஓடவிடுவது இசையைச் சுவர்க்கடிகார ஓசையாக்கிவிடும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று தொடங்குங்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்குச் சிறிது முன்பாகத் தொடங்கி, முடியும்வரை ஒலிக்கவிட்டுப் பாருங்கள். பலர் பல்லைக் கடிப்பது குறைகிறது. நடைப்பயிற்சியின்போது சீரான தாளமுள்ள பாட்டு காலடிக்குத் துணைசெய்யும். எவ்வளவு விரைவான தாளம் என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வலி மாத்திரையை மட்டும் பாட்டை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். புருவம் சுளித்தாலோ, தலையைத் திருப்பிக்கொண்டாலோ, கை போர்வையைப் பற்றினாலோ பாட்டை மாற்றுங்கள் அல்லது நிறுத்துங்கள். கண்ணீர் வந்தால் உடனே பதறி அணைக்க வேண்டியதில்லை. அருகில் அமர்ந்து கையைப் பற்றிக்கொள்ளுங்கள். இறந்த கணவருக்குப் பிடித்த பாட்டாக அது இருக்கலாம். அவர் பேச விரும்பினால் பேசட்டும். ஆனால் நாள்தோறும் அழுகையும், உணவில் வெறுப்பும், உறக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அதனைப் பாட்டோடு விட்டுவிடாமல் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள். வலிப்பு நோயாளிகளுள் மிக அரிதாகச் சிலர்க்கு இசையே வலிப்பைத் தூண்டுவதுண்டு. அத்தகைய ஐயம் எழுந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

துணையிருப்பவர்க்கும் ஒரு சொல். பாட்டு ஒலிக்கும் அந்த அரை மணி நேரம் உங்களுக்கும் உரியது. பாத்திரம் துலக்கவோ துணி மடிக்கவோ அப்பொழுதைச் செலவிடாமல், நாற்காலியில் சாய்ந்து நீங்களும் கேளுங்கள். தகடு முடிந்ததும் ஆம்ப்ளிஃபையரை முதலில் அணைத்து, சுழற்சி நின்ற பின் தட்டைத் திறந்து, தகட்டை உறையிலிட்டு வைத்தால் நாளை மாலையும் அது தடையின்றிப் பாடும்.